யந்திரச் சங்கிலிகளைப் பழுதுபார்க்கும் முறையும் ஜாக்கிரதையும்

உழவு, அறுவடை, கதிரடிப்பு ஆகிய வேலைகளுக்கு யந்திரங்களை உபயோகிப்பது நம் நாட்டில் இப்பொழுது சர்வ சாதாரணமாகிவிட்டது. யந்திரம் ஓடும்பொழுது அதனருகே செல்லலாகாது என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆனால் யந்திரம் நின்ற பிறகு, அதைப் பழுதுபார்க்கையில் நேரும் அபாயங்களைப் பற்றி அநேகர் சிந்திப்பதே இல்லை. என்ஜின் ஓய்ந்துவிட்டது என்பது வேறு. சங்கிலி அசையாது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே கைவிரல்களுக்குச் சேதம் விளைகிறது. ஆகவே, செயின் என்று வழங்கும் சங்கிலியையும் அதைச் சார்ந்த உறுப்புகளையும் ஆபத்தின்றிக் கழற்றிப் பூட்டும் முறை இங்கு விவரிக்கப்படுகிறது.

டயருக்குப் பதிலாகப் பட்டையின்மீது நகரும் நெல் அறுவடை யந்திரத்தைக் கிராமங்களில் "செயின் வண்டி" என்று அழைப்பது வழக்கம். இக்கட்டுரை அந்தப் பட்டையைப் பற்றியதன்று. யந்திரத்தின் ஒரு தண்டிலிருந்து மற்றொரு தண்டுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் சங்கிலியைப் பற்றியதேயாகும்.

சங்கிலியின் உறுப்புகள்

இக்காலத்தில் பெரும்பாலும் உபயோகத்திலுள்ள ரோலர் சங்கிலியின் அமைப்பை இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-ஆம் ஆண்டில் பதிவு செய்தார். அதன் உறுப்புகள் ஐந்து: உள்தகடு, வெளித்தகடு, பின் என்னும் ஊசி, அதைச் சூழ்ந்த புஷ், புஷ்ஷின்மேல் உருளும் ரோலர். சங்கிலி வளையும்போதெல்லாம் ஊசி புஷ்ஷினுள் தேய்கிறது. ரோலரோ பல்சக்கரத்தின் பல்லின்மீது உருண்டு தேய்மானத்தைக் குறைக்கிறது. சங்கிலியின் இரு முனைகளையும் இணைப்பதற்கு இணைப்புக் கண்ணி ஒன்று உண்டு. அதைக் கழன்றுபோகாமல் பிடித்திருப்பது மெல்லிய எஃகு வில்லாலான லாக் ஆகும்.

ஓர் ஊசியின் மையத்திலிருந்து அடுத்த ஊசியின் மையம் வரை உள்ள தூரமே கண்ணி அளவு எனப்படும். சங்கிலியின் எண்ணைக் கொண்டே இதை அறியலாம். 60 என்ற எண்ணுள்ள சங்கிலியில் முதலிலுள்ள 6 என்பது ஆறு அரைக்கால் அங்குலத்தை, அதாவது முக்கால் அங்குலத்தைக் குறிக்கும். 40 என்பது அரை அங்குலம்; 80 என்பது ஓர் அங்குலம். சர்வதேச முறையில் 60-ஆம் எண் சங்கிலிக்கு 12ஏ என்று பெயர். 12பி என்ற சங்கிலிக்கும் கண்ணி அளவு முக்கால் அங்குலமேயாயினும், ரோலரின் பருமனும் உள்ளகலமும் வேறு. 12ஏ-யின் உள்ளகலம் சுமார் 12½ மில்லிமீட்டர். 12பி-யினுடையது 12 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகையால் கடையில் கண்ணி வாங்கும்போது நீள அளவை மட்டும் சொல்லி வாங்குதல் தவறு. பொருந்தாத கண்ணியைச் சுத்தியலால் அடித்துப் பொருத்துவதே பிற்பாடு சங்கிலி அறுந்து தெறிப்பதற்கு ஆரம்பமாகிறது. விவசாய யந்திரங்களுக்கென்றே செய்யப்படும் வேறு வகைச் சங்கிலிகளும் உண்டாதலால், யந்திரத்துடன் வந்த கைப்புத்தகத்தைப் பார்த்தே எண்ணை நிச்சயிக்க வேண்டும்.

விரலின் வேகமும் சங்கிலியின் வேகமும்

"மெதுவாகத்தான் ஓடுகிறது, பட்டால் கையை இழுத்துக்கொள்ளலாம்" என்று சிலர் எண்ணுகின்றனர். இது எவ்வளவு பிசகான எண்ணம் என்பதைச் சிறு கணக்கினால் அறியலாம். முக்கால் அங்குலச் சங்கிலி 18 பற்களுள்ள சக்கரத்தின்மேல் ஓடுவதாகக் கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சங்கிலி 13½ அங்குலம் நகரும். நிமிஷத்திற்கு 120 சுற்று என்ற மந்தமான வேகத்திலும், ஒரு விநாடியில் சங்கிலி 27 அங்குலம், அதாவது இரண்டேகால் அடி சென்றுவிடும். மூன்று அங்குல நீளமுள்ள விரல் உள்ளே இழுக்கப்படுவதற்கு ஒரு விநாடியில் ஒன்பதில் ஒரு பங்கே போதும். மனிதன் ஒன்றை உணர்ந்து கையை அசைப்பதற்கோ சுமார் ஐந்தில் ஒரு பங்கு விநாடி செல்லும். விரல் போன பிறகுதான் வலி தெரியும் என்பது இதனால் விளங்கும்.

என்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றும்போதும் நிலைமை இதுவே. 18 அங்குல விட்டமுள்ள கப்பியை ஓர் ஆள் 10 கிலோ பலத்துடன் சுற்றினால், அதே தண்டிலுள்ள 4 அங்குலப் பல்சக்கரத்தில் அந்தப் பலம் 45 கிலோவாகப் பெருகும். அவ்வளவு பாரமும் ஒரே பல்லின் முனையில் நின்று விரலை அழுத்தும். சுற்றுகிறவனுக்கோ கப்பி சற்றுக் கனமாக இருப்பதாக மட்டுமே தோன்றும்.

இவ்வகை விபத்து நேரும் விதம் பெரும்பாலும் ஒன்றே. மழை மேகம் திரண்டிருக்கும் அறுவடை நாளில் சங்கிலி நழுவி யந்திரம் நின்றுவிடுகிறது. அடுத்த வயற்காரர் வரப்பில் காத்திருக்கிறார். என்ஜின் நிறுத்தப்பட்டு மூடி கழற்றப்படுகிறது. இணைப்புக் கண்ணி சக்கரத்தின் மறுபுறம் இருப்பதால், அதை முன்னே கொண்டுவர ஒருவன் கப்பியைச் சுற்றுகிறான். மற்றொருவன் சங்கிலியைப் பல்லின்மேல் ஏற்றி வழிகாட்டுகிறான். "போதும்" என்ற சொல் "போடு" என்று காதில் விழுகிறது; அல்லது சொல்வதற்கு முன்பே ஒரு பல் நகர்ந்துவிடுகிறது. இருவரில் எவரையும் அஜாக்கிரதையுள்ளவர் என்று சொல்வதற்கில்லை. பலமுறை விபத்தின்றி நடந்த அதே வேலை, அன்று ஒரு விரலை வாங்கிவிட்டது.

ஓய்ந்த யந்திரத்தில் ஒளிந்துள்ள பலங்கள்

நின்ற யந்திரத்தில் ஐவகைப் பலங்கள் தங்கியிருக்கக்கூடும். வேலை தொடங்குமுன் அவை ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, என்ஜின் மறுபடி கிளம்புதல். சாவி யந்திரத்திலேயே இருந்தால், நிலைமை தெரியாத ஒருவர் அதைத் திருப்பிவிடலாம். ஆதலின் பழுதுபார்ப்பவரே சாவியைத் தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்; பாட்டரி இணைப்பையும் கழற்றிவிடுதல் உத்தமம். எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கி, கியர் மாற்றாமலே வேகம் மாறக்கூடிய யந்திரங்களில் நெம்புகோலை நடுநிலையில் வைப்பது நிறுத்தியதாகாது. என்ஜினையும் நிறுத்தி, கைப்பிரேக்கும் போட வேண்டும்.

இரண்டாவது, சுழலும் பாரம். கதிரடிக்கும் உருளை மிகுந்த கனமுடையதாதலால், என்ஜின் நின்ற பின்னும் சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும். அது முற்றிலும் ஓய்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது, சிக்கிய வைக்கோலின் முறுக்கு. ஈரப் பயிர் உருளையிலோ ஏற்றுப்பெட்டியிலோ அடைத்துக்கொண்டால், சங்கிலியின் ஒருபுறம் வில்லின் நாண்போல் விறைத்து நிற்கும். அடைப்பை நீக்கிய கணமே சங்கிலி சடுதியில் நகரும். எனவே அடைப்பை நீக்கும்போது சங்கிலியின்மேல் எவர் கையும் இருத்தலாகாது. வைக்கோலைக் கையால் பிடுங்காமல் கொக்கியினால் இழுத்து எடுக்க வேண்டும்.

நான்காவது, சங்கிலியை இறுக்கிவைத்திருக்கும் ஸ்பிரிங். இதன் திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்தாமல் லாக்கை முதலில் கழற்றினால், கண்ணியும் இறுக்கியும் முகத்தை நோக்கித் தெறிக்கும்.

ஐந்தாவது, உயர்த்திவைத்த பாரம். அறுவடை யந்திரத்தின் முன்தலையை உயர்த்தி, அதன்கீழ் அமர்ந்து வேலை செய்ய நேரிட்டால், எண்ணெய்க் குழாயை மட்டும் நம்பலாகாது. யந்திரத்திலுள்ள தாங்கு தடியைப் பூட்டி, பலமான மரக்கட்டையும் கொடுக்க வேண்டும். பட்டையோ சக்கரமோ உருளாதபடி அணை வைத்தலும் அவசியம்.

கழற்றும் முறை

சங்கிலியருகே குனியுமுன் தோள்துண்டை எடுத்து வைத்துவிட வேண்டும். வேட்டியையும் சேலைத் தலைப்பையும் இறுகச் செருக வேண்டும். மோதிரம், கைக்கயிறு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி மூக்குக்கண்ணாடியை நம்பாமல், தெறிக்கும் துண்டுகளைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை அணிய வேண்டும். ஓடும் சங்கிலியருகே தளர்ந்த கையுறை அபாயகரமானது. நின்ற சங்கிலியைக் கழற்றும்போது இறுக்கமான தோல் கையுறை நன்மை பயக்கும்.

தண்டைச் சுற்ற வேண்டியிருந்தால் அவ்வேலைக்கு ஒரு விதியே போதுமானது: சுற்றுகிறவரும் சங்கிலியைத் தொடுகிறவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். ஒருவரே செய்யும்பொழுது சுற்றும்போது தொடமாட்டார்; தொடும்போது சுற்றமாட்டார். யந்திரத்தின் பருமனால் இருவர் தேவைப்பட்டால், சங்கிலிக்கருகே இருப்பவரே கட்டளையிட வேண்டும். அவர் இரு கைகளையும் உயர்த்திக் காட்டிய பிறகே மற்றவர் சுற்றலாம். நிறுத்தியதும் சுற்றியவர் கப்பியை விட்டு விலகி நிற்க வேண்டும். சங்கிலியை வழிநடத்த விரலுக்குப் பதிலாக ஒரு முழ நீளமுள்ள மரக்குச்சியை உபயோகித்தல் நலம். குச்சி முறிந்தால் வேறு குச்சி கிடைக்கும்.

இணைப்புக் கண்ணியைப் பல்சக்கரத்தின் மேற்புறத்திற்குக் கொண்டுவந்து நிறுத்தினால், அதன் இருபுறமுள்ள ரோலர்களையும் பற்கள் பிடித்துக்கொள்ளும். முனைகள் கையைவிட்டு ஓடமாட்டா. பின்பு இறுக்கியைத் தளர்த்தி, லாக்கின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு நோஸ் பிளேயரால் அதைத் தள்ளி எடுக்க வேண்டும். துணியில்லாவிடில் லாக் கண்ணுக்கோ வைக்கோலுக்குள்ளோ பறந்துவிடும்.

லாக் இல்லாமல் ஊசியின் தலை அடித்து விரிக்கப்பட்ட சங்கிலியாயின், முதலில் அந்தத் தலையை அரத்தால் அராவிச் சமமாக்க வேண்டும். பின்னர் ஒரே வெளித்தகட்டின் இரு ஊசிகளையும், ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக, தக்க அளவுள்ள பன்ச்சினால் இறக்க வேண்டும். அடியில் ரோலர் அழுந்தாதபடி பிளந்த தாங்குகட்டை இருத்தல் வேண்டும். சங்கிலியின் எஃகு பதம் ஏற்றப்பட்டது. பதமேறிய சுத்தியலால் பதமேறிய இரும்பை நேரே அறைந்தால் சில்லுகள் பெயர்ந்து கண்ணில் பாயும். சங்கிலியை நெருப்பில் காய்ச்சிக் கழற்றுவதும் கூடாது. எஃகின் பதம் போய்விடும்.

கூண்டுக்குள் இருக்கும் சங்கிலி

சில சுழற்கலப்பைகளின் பக்கக் கூண்டில் பல்சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலி ஒன்று எண்ணெயில் மூழ்கி ஓடுவதுண்டு. தானே கியர் மாறும் மோட்டார்க் கார்கள் சிலவற்றின் கியர்ப்பெட்டியிலும் இத்தகைய அமைப்பு உண்டு. அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோ என்னும் முன்சக்கர இழுப்புக் காரில் என்ஜினின் சக்தி அகன்ற சங்கிலி ஒன்றின் மூலமாகவே கியர்ப்பெட்டிக்குச் சென்றது. அது ரோலர் இல்லாத, பல்வடிவத் தகடுகளை அடுக்கிச் செய்த சங்கிலி. அவ்வகைச் சங்கிலிக்கு இணைப்புக் கண்ணி கிடையாது. அது முழு வளையமாகவே இருக்கும்.

முழு வளையமாக உள்ள சங்கிலியைக் கழற்றும் முறை வேறு. எண்ணெய் ஆறிய பிறகே அதை வடிக்க வேண்டும். ஓடி நின்ற பெட்டியின் எண்ணெய் கையை வேகவைக்கும். சக்கரங்களைத் தண்டில் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையங்களை அதற்குரிய பிளேயராலேயே, முகத்தை ஒருபுறமாக விலக்கிக்கொண்டு எடுக்க வேண்டும். பின்பு இரு பல்சக்கரங்களையும் சங்கிலியுடன் சேர்த்து ஒரே மட்டமாக நேரே வெளியில் இழுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முந்தி இழுத்தால் சங்கிலி கோணி இறுகும். அதை விடுவிக்கத் திருகாணி முடுக்கியால் நெம்பும்போது கருவி வழுக்கிக் கையைக் கிழிக்கும். எண்ணெயில் ஊறிய சங்கிலியும் சக்கரமும் கனமானவை, வழுக்குபவை. அவற்றைச் சங்கிலிக்கும் பல்லுக்குமிடையே விரலை நுழைத்துத் தூக்காமல், சக்கரத்தின் வெளி விளிம்பைப் பிடித்தே தூக்க வேண்டும். கழற்றுமுன் சங்கிலியின் வெளிப்புறத்தில் சாயத்தினால் ஓர் அடையாளம் இட்டால், முன்பு ஓடிய திசையிலேயே திரும்பப் பூட்டலாம்.

சோதித்தலும் அளத்தலும்

கழற்றிய சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்க வேண்டும். பெட்ரோலில் கழுவுவது தீயை வரவழைப்பதாகும். மண்ணெண்ணெயும் தீப்பற்றக்கூடியதாதலால், வைக்கோல் போருக்கும் அடுப்புக்கும் தூரமாக, வெளியிடத்தில் வைத்தே கழுவ வேண்டும். அருகில் பீடி, சிகரெட்டு புகைத்தல் ஆகாது.

"சங்கிலி நீண்டுவிட்டது" என்று சொல்வது வழக்கமாயினும், உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வோர் ஊசியும் புஷ்ஷும் தேய்வதனால் உண்டாகும் சிறு இடைவெளிகள் சேர்ந்து சங்கிலியின் மொத்த நீளம் கூடுகிறது. இதை அளக்க ஓர் அடிக்கோலே போதும். முக்கால் அங்குலச் சங்கிலியை இறுக நீட்டி, ஓர் ஊசியின் மையத்திலிருந்து 16 கண்ணிகளை அளந்தால் புதுச் சங்கிலியில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அரை அங்குலச் சங்கிலியில் 24 கண்ணிகளும், ஓர் அங்குலச் சங்கிலியில் 12 கண்ணிகளும் அதே நீளமாகும். நூற்றுக்கு மூன்று பங்கு நீண்ட சங்கிலியை மாற்றிவிட வேண்டும் என்பது பொது விதி. அதாவது ஓரடிக்குக் காலே அரைக்கால் அங்குலம் கூடினால் அச்சங்கிலி வேலைக்கு உதவாது. கால் அங்குலம் கூடியபோதே புதியதொன்றை வாங்கிவைத்துக்கொண்டால், அறுவடையின் நடுவில் அலைய நேராது.

பல்சக்கரத்தையும் பார்க்க வேண்டும். பற்கள் ஒருபுறமாகக் கொக்கிபோல் வளைந்து தேய்ந்திருந்தால், அதன்மேல் புதுச் சங்கிலி போடுவது வீண் செலவு. புதியதும் விரைவில் கெடும். அவ்வாறே, பழைய சங்கிலியின் நடுவே சில புதுக் கண்ணிகளைச் சேர்த்தால் அவை பற்களில் சமமாக அமராமல் இடித்துக்கொண்டு அறுந்துபோகும்.

பூட்டும் முறை

இரு சக்கரங்களும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று நேரான சட்டமொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். முனைகளைக் கையால் இழுத்துப் பிடிக்காமல், செயின் இழுக்கும் கருவியாலோ கட்டுக்கம்பியாலோ சேர்த்து, சக்கரத்தின் பற்களின்மேல் அமரச் செய்து, இணைப்புக் கண்ணியை நுழைக்க வேண்டும். கம்பியை மறவாமல் எடுத்துவிட வேண்டும். லாக்கின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியும், பிளந்த முனை பின்னோக்கியும் இருத்தல் வேண்டும். மாற்றிப் போட்டால், எதிரில் வரும் வைக்கோலோ தகடோ பிளந்த முனையில் தட்டி லாக்கைக் கழற்றிவிடும்.

ஊசி கிடைக்காதபோது ஆணியைச் செருகி வளைத்துவிடுவதும், அறுந்த தகட்டை வெல்டிங் செய்வதும் சில இடங்களில் நடைபெறுகின்றன. ஆணியில் பதமேறிய எஃகின் பலம் இல்லை. வெல்டிங் சூடு தகட்டின் பதத்தைக் கெடுக்கிறது. இவ்விரண்டும் பாரம் மிகுந்த தருணத்தில் அறுந்து, கல்லெறிபோல் தெறிக்கும். நீளம் பொருந்துவதற்காகச் சேர்க்கும் வளைந்த அரைக் கண்ணியும் மற்றக் கண்ணிகளைவிடப் பலம் குறைந்ததாதலால், தற்காலிகமாகவே அதை உபயோகிக்க வேண்டும். இணைப்புக் கண்ணி இரண்டும், லாக் நான்கும் யந்திரத்தின் கருவிப்பெட்டியில் எப்பொழுதும் இருந்தால் இக்கள்ள வழிகளுக்கு அவசியமே இராது.

சங்கிலியை அளவுக்கு மிஞ்சி இறுக்கலாகாது. கைப்புத்தகத்தில் வேறு அளவு குறிப்பிடப்படாவிடில், தளர்ந்த புறத்தின் நடுவில் அது அசையும் தூரம் இரு தண்டுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு இருக்கலாம். தண்டுகள் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் 12 முதல் 24 மில்லிமீட்டர் அசைவு தகும்.

எண்ணெயைச் சங்கிலியின் மேல்புறத்தில் ஊற்றுவதால் புழுதிதான் ஒட்டும். கீழ்ப்புறத்து ஓட்டத்தின் உட்பக்கத்தில், தகடுகளுக்கு இடையே சொட்டுச் சொட்டாக விட்டால், ஊசியும் புஷ்ஷும் தேயும் இடத்திற்கு அது செல்லும். இவ்வேலையையும் என்ஜினை நிறுத்திவிட்டே செய்ய வேண்டும். ஓடும் சங்கிலியைத் துணியால் துடைக்க முயல்வது விரலைத் தானமாகக் கொடுப்பதற்குச் சமானம்.

மூடியைப் பூட்டாமல் சோதித்து ஓட்டலாகாது. "ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மூடலாம்" என்று விடப்பட்ட மூடி பருவம் முழுவதும் களத்து மேட்டில் கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். மூடி பூட்டி, கருவிகளை எண்ணிப் பார்த்து, எல்லோரையும் சங்கிலி ஓடும் நேர்க்கோட்டிலிருந்து விலகச் செய்து, உரக்கக் குரல் கொடுத்த பிறகே என்ஜினை மந்த வேகத்தில் கிளப்ப வேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

விரல் சங்கிலியில் சிக்கிக்கொண்டால் கையைப் பிடித்து இழுத்தலோ, என்ஜினைக் கிளப்பிப் பின்னோக்கிச் சுற்றுவிக்க முயலுதலோ கூடவே கூடாது. இறுக்கியைத் தளர்த்தி, தண்டைக் கையால் மெதுவாகப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். இயலாவிடில் தளர்ந்த புறத்தில் சங்கிலியைத் துண்டித்து விடுவிக்க வேண்டும். 108 என்ற எண்ணுக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும்.

காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேலாக உயர்த்தி வைக்க வேண்டும். அடிபட்ட கையில் மோதிரம் எஞ்சியிருந்தால் வீங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், கிரீஸ் முதலியவற்றை அப்புவது காயத்தில் சீழ் பிடிப்பதற்கே உதவும். விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து நோயாளியுடனேயே அனுப்ப வேண்டும். துண்டைப் பனிக்கட்டியின்மேல் நேராக வைத்தால் திசுக்கள் உறைந்து கெட்டுவிடும். தக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் காலதாமதமின்றிச் சென்றால் சில சமயங்களில் அதை மீண்டும் இணைக்கக்கூடும். காயம் சிறிதாயினும், மண்ணும் துருவும் பட்டதாதலால், டெட்டனஸ் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

யந்திரத்தை வாடகைக்கு அழைக்கும் விவசாயி மணிக்கு என்ன வாடகை என்று கேட்பதோடு நின்றுவிடாமல், வயலில் இறங்குமுன் அதை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். சங்கிலிகளுக்கு மூடி உண்டா, ஓட்டுபவரிடம் மாற்றுக் கண்ணிகள் உண்டா, உதவியாள் தோள்துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறானா என்று கவனிப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். பழுது நேர்ந்தால் "சீக்கிரம், சீக்கிரம்" என்று துரிதப்படுத்துவதே பெரிய அபாயம். பழுதுபார்க்கும் நேரத்திற்கு வாடகை கணக்கிடுவதில்லை என்று முன்கூட்டியே இரு தரப்பாரும் பேசி முடித்துக்கொண்டால், விரைந்து முடிக்க வேண்டிய நெருக்கடி வேலையாளின்மேல் விழாது.

கதிரடிக்கும் யந்திரங்களைக் குறித்து 1983-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அத்தகைய யந்திரத்தில் வேலை செய்யும் தொழிலாளிக்கு மரணமோ அங்கசேதமோ நேர்ந்தால் நஷ்டஈடு அளிப்பதும் அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. இதை யந்திரச் சொந்தக்காரர்களுக்கும் வேலையாட்களுக்கும் எடுத்துச் சொல்லுதல் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் செய்யக்கூடிய நற்பணியாகும். அறுவடைக்கு முன் கூட்டப்படும் விவசாயிகள் கூட்டத்தில், ஒரு பழைய சங்கிலியையும் அடிக்கோலையும் வைத்துக்கொண்டு, அளக்கும் முறையையும் லாக் போடும் திசையையும் கால் மணி நேரத்தில் கண்கூடாகக் காட்டிவிடலாம்.

முடிவாக, ஒவ்வொரு யந்திரத்தின் மூடியின்மேலும் சாயத்தினால் எழுதிவைக்கத்தக்க விதிகள் வருமாறு:

1. சாவி பழுதுபார்ப்பவர் பையில் இருக்க வேண்டும்.
2. உருளை முற்றிலும் ஓய்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.
3. இறுக்கியை முதலில் தளர்த்த வேண்டும். லாக்கைப் பிறகே கழற்ற வேண்டும்.
4. சுற்றுபவரும் தொடுபவரும் ஒருவரே.
5. விரலுக்குப் பதில் குச்சி. ஆணிக்குப் பதில் சரியான கண்ணி.
6. மூடி பூட்டாமல் என்ஜினைக் கிளப்பலாகாது.

சங்கிலி அறுந்தால் பட்டணத்துக் கடையில் வேறு சங்கிலி வாங்கலாம். ஒரு பொழுது அறுவடை தாமதித்தால் மறுநாள் அறுத்துக்கொள்ளலாம். உழவனுடைய கைக்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் இல்லை. யந்திரத்தை நிறுத்திய பின் இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்து, மேற்கூறிய ஐவகைப் பலங்களையும் நினைத்துப் பார்த்துவிட்டுக் கை வைக்கும் வழக்கத்தை ஒவ்வொருவரும் கைக்கொள்வாராக.